அம்சம் பேரில் ஒரு மிஷின்

வேளாங்கண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது உச்சி வெயில். தியாகராசன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். சுந்தரி புதுப் புடவையின் கொசுவத்தைப் பிடித்தபடி பின்னால் போனாள். மெழுகுவத்திக் கடைகளையும் சிப்பிப் பொம்மைக் கடைகளையும் தாண்டி, கடற்கரைக்குப் போகும் சாலையில் இருந்தது அவன் கட்டடம். கீழே விளையாட்டுக் கூடம், மேலே வீடு.

சீர்காழியில் அண்ணன் வீட்டு அடுப்படியிலேயே வயதைக் கழித்தவள் சுந்தரி. தட்டு முதல் தலையணை வரை அங்கே எல்லாமே அண்ணியுடையது. இரண்டாம் தாரம் என்று சொன்னபோது அவள் யோசிக்கவே இல்லை. முதல் மனைவி காமாலையில் போய்விட்டாள், பிள்ளை இல்லை, அவ்வளவுதானே. இனித் தனக்கென்று ஒரு வீடு. தனக்கென்று ஓர் ஆள்.

தியாகராசன் ஷட்டரைத் தூக்கினான். உள்ளிருந்து வந்த வாடை அவள் முகத்தில் மோதியது. பூட்டிக் கிடந்த இடம், உப்பும் தூசியும் கலந்த நெடிதான் வருமென்று நினைத்திருந்தாள். வந்தது சேற்று வாடை. தண்ணீர் கட்டி உழுது போட்ட வயலின் வாடை.

“இங்க எங்கங்க சேறு?”

“சேறா? கடக்கர மணல்ல ஏது சேறு?” என்று சிரித்தான் அவன்.

சுவரோரம் கார் ஓட்டும் விளையாட்டும் துப்பாக்கி விளையாட்டும் நின்றன. கடைசியில், வெள்ளைத் துணி போர்த்தி ஒன்று. விளக்கைப் போடும் முன்பே அவன் அதனிடம் போனான். துணியை மடித்து வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் கண்ணாடியைத் துடைத்தான். ஓரத்திலிருந்து நடுவுக்கு, மெல்ல, வட்ட வட்டமாக.

தாலி கட்டும்போதுகூட அந்தக் கை இவ்வளவு மெதுவாக இல்லையே என்று சுந்தரிக்குத் தோன்றியது.

அது பின்பால். ஊரில் பந்து மிஷின் என்பார்கள். சரிந்த பலகையின் மேல் எஃகுப் பந்து ஓடும், குமிழ்களில் மோதித் தெறிக்கும், விளக்குகள் மின்னும், மணிகள் கூச்சலிடும். கீழே விழப்போகும் பந்தைத் தட்டி மேலே அனுப்ப இரண்டு சின்னத் துடுப்புகள். அவற்றை ‘கை’ என்றான் தியாகராசன்.

“இந்த மாதிரி மிஷினெல்லாம் ஓயாம மக்கர் பண்ணும் சுந்தரி. ரப்பர் அறுந்துடும், பந்து மாட்டிக்கும், உப்புக் காத்துக்கு உள்ள போர்டெல்லாம் பச்ச பூத்துடும். இது மட்டும் ஒரு நாளும் நின்னதில்ல. அம்சம் கை பட்டது.”

புது வீட்டில் அவள் கேட்ட முதல் பெண் பெயர் அது.

மிச்சத்தைக் கண்ணாத்தாள் சொன்னாள். கூடத்தில் டோக்கன் கொடுத்து, பெருக்கி, பூட்டிவிட்டுப் போகிறவள். மீன் விற்கும் குடும்பம். முதல் தாரம் அம்சத்துக்கு வலங்கைமான் பக்கம் ஊர். அவள் அப்பா கூலிச் சண்டையில் கொடி பிடித்து நின்று, திருச்சி ஜெயிலுக்குப் போய் வந்தவர். நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த பண்ணை நிலத்தைச் சர்க்கார் பிரித்துக் கொடுத்தபோது அவருக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அதற்காகப் பண்ணை ஆட்களிடம் மண்டை உடைபட்டவர். சாகும்போது மகளுக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான்.

“அத வித்துதாம்மா இந்த மிஷின வாங்குச்சு. புருசன் ஆசப்பட்டாருன்னு. மத்தியானம் கடைய மூடுனா ரெண்டு பேரும் இங்கதான் நிப்பாங்க. அது ஆடும், இவரு பாத்துக்கிட்டே இருப்பாரு.”

சுந்தரி அன்று சோற்றை அளைந்துவிட்டு எழுந்தாள். மறுநாள் மத்தியானம் கூடத்துக்கு இறங்கினாள். அவளும் ஆடுவாள். அவளையும் அவன் பார்க்கட்டும்.

டோக்கனைப் போட்டதும் மிஷின் விழித்துக்கொண்டது. ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டாள். பந்து சீறிக்கொண்டு மேலேறியது. பொத்தானை அழுத்தினாள்.

மிஷினின் கைகள் அசையவில்லை.

மேல் பலகையில் ‘டில்ட்’ என்று சிவப்பு எழுத்து எரிந்தது. பந்து அவள் கண்ணெதிரே வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது.

“உலுக்குனியா? யாராவது மிஷின உலுக்குனாத்தான் அப்படி நிக்கும்” என்றான் தியாகராசன்.

“நான் ஏன் உலுக்குறேன்?”

அவன் வந்து தொட்டான். கைகள் துள்ளின. அதற்குப்பின் யாத்திரைக்கு வந்த சனங்கள் சாயங்காலம் வரை ஆடினார்கள், ஒரு குறையுமில்லை. சுந்தரி தொட்டால் மட்டும் சிவப்பு எழுத்து. ஒவ்வொரு முறையும் அந்தச் சேற்று வாடை.

மிஷினின் பக்கவாட்டில் விற்ற கம்பெனியின் நம்பர் ஒட்டியிருந்தது. திருச்சிக் கிளை. டோக்கன் மேசையிலிருந்த போனில் கூப்பிட்டாள். மீரா உசேன் என்பவர் எடுத்தார். புகாரைக் கேட்பதும் வந்து பழுது பார்ப்பதும் அவர்தான்.

“மிஷின் அம்சங்குற பேர்ல இருக்கே மேடம்?”

“அவங்க இல்ல. இப்ப நான்தான்.” அதைச் சொன்னபோது சுந்தரிக்கு நெஞ்சுக்குள் ஒரு இனிப்பு ஊறியது.

வருவதாகச் சொன்னார். வரவில்லை. வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள்.

“நீங்கதான மேடம் கேன்சல் பண்ணீங்க? உங்க நம்பர்லேருந்து ஒரு அம்மா கூப்பிட்டு, மிஷின் நல்லா இருக்கு, யாரும் வர வேணாம்னாங்களே.”

மறுபடி புகார். மறுபடியும் அதேபோல் ரத்து. சுந்தரியின் சந்தேகம் நேராகக் கண்ணாத்தாள் மேல் பாய்ந்தது. போன் பக்கத்தில் இருப்பவள் அவள்தான். அம்சத்தின் பெயரை வாய் ஓயாமல் சொல்பவளும் அவள்தான்.

“செத்தவளுக்கு வக்காலத்தா வாங்குற? நாளையிலேருந்து வராத.”

கண்ணாத்தாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“நான் பேசலம்மா. பேசுறத நானும் கேட்டுருக்கேன். மத்தியானத்துல, ஷட்டரு போட்டப்பறம். அந்தக் குரலு எனக்குத் தெரியும். நீ பயந்துடுவேன்னு சொல்லல.”

அவள் போனபின் சுந்தரி போனை மேலே கொண்டுவந்து படுக்கையறையில் மாட்டச் செய்தாள். கூடத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தியாகராசன் நாகப்பட்டினம் போயிருந்த ஒரு மத்தியானம், கதவைத் தாழிட்டுவிட்டுக் கம்பெனியைக் கூப்பிட்டாள்.

“இந்தத் தடவ நானே நேர்ல வந்து சொன்னாத்தான் கேன்சல். புரியுதா?”

“சரி மேடம். ஒரு நிமிஷம், இன்னொரு லைன் அடிக்குது.”

காத்திருந்தாள். மீரா உசேன் திரும்பி வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

“மேடம், உங்க வீட்ல ரெண்டு போனா?”

“ஒண்ணுதான். என் கையில இருக்கு.”

“அதே நம்பர்தான் காட்டுது. ஒரு அம்மா பேசுறாங்க. அம்சம்னு சொல்றாங்க.”

சுந்தரி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“என்ன… என்ன சொல்றா?”

“மிஷினுக்கு ஒண்ணுமில்லயாம். புதுசா ஒருத்தி தொடுறாளாம். அவள அனுப்பிட்டா சரியாயிடுமாம்.”

கீழே, பூட்டிய கூடத்துக்குள், எஃகுப் பந்து ஓடத் தொடங்கியது.

மீரா உசேன் மறுநாளே வந்தார். தாடி நரைத்த, நிதானமான மனிதர். முதலில் பிளக்கைப் பிடுங்கினார். கண்ணாடியை உருவி எடுத்துச் சுவரில் சாய்த்தார். விளையாட்டுப் பலகையைக் கீல் போட்ட மூடிபோல் உயர்த்தினார். தியாகராசன் ஒருபக்கம் நின்றான், சுந்தரி மறுபக்கம்.

“டில்ட்டுக்கு ஒரு குண்டு தொங்கும், பாருங்க. உலுக்குனா அது ஆடி இந்த வளையத்துல படும். பட்டா ஆட்டம் நின்னுடும்.”

விரலால் காட்டினார். ஒருவரும் தொடவில்லை. மின்விசிறி சுற்றவில்லை.

குண்டு ஆடிக்கொண்டிருந்தது.

அவர் அதைப் பிடித்து நிறுத்தினார். கையை எடுத்தார். மெதுவாக, அடம்பிடிப்பதுபோல், மறுபடி ஆடியது. சுந்தரியின் பக்கமாக வந்து வந்து போயிற்று.

அவர் டார்ச்சை அடித்துப் பெட்டியின் அடியைப் பார்த்தார். பார்த்தவர் பின்வாங்கினார்.

“யாரு இதுல மண்ணக் கொட்டுனது?”

பெட்டியின் அடி முழுக்கச் சேறு. கறுத்த, கொழகொழத்த வயல் சேறு, ஈரம் மினுங்க. அதில் நட்டு வைத்தாற்போல் நாற்றுகள், பச்சைப் பசேலென்று.

தியாகராசன் விரலை விட்டு எடுத்து முகர்ந்தான். அவன் முகம் சுருங்கியது.

“அவ வயலு.”

பிளக் தரையில் கிடந்தது. மிஷினின் கைகள் இரண்டும் மேலெழுந்தன.

அடித்தன.

மறுபடி அடித்தன. காற்றில், எதையோ தள்ளித் தள்ளி விடுவதுபோல.

மீரா உசேன் வாசலுக்கே போய்விட்டார். தியாகராசன் அழுதுகொண்டிருந்தான். சுந்தரி மட்டும் நகரவில்லை. அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. தன் புருஷன் தன் எதிரிலேயே இன்னொருத்திக்காக அழுகிறான்.

பிறகு அவள் பார்வை நாற்றுகளில் நின்றது. ஒருவன் மண்டையில் அடிபட்டு வாங்கிய நிலம். மகள் அதை விற்றுப் புருஷனின் ஆசைக்குக் கொடுத்திருக்கிறாள். நானாக இருந்தால் விட்டுக்கொடுப்பேனா?

குனிந்து, துடித்துக்கொண்டிருந்த கைகளின் பக்கம் வாயைக் கொண்டுபோனாள்.

“மிஷின் ஒன்னோடதுதான். நான் தொட மாட்டேன், யாரும் தொட மாட்டாங்க. எங்க வேணும்னாலும் எடுத்துக்கிட்டுப் போ. ஆள மட்டும் விட்டுடு. எனக்குன்னு வேற ஒண்ணுமில்ல.”

கைகள் பாதியில் நின்றன. மெல்ல இறங்கின. குண்டும் ஓய்ந்து தொங்கியது.

அம்சம் ஒப்புக்கொண்டாள் என்றுதான் சுந்தரி நினைத்தாள்.

கம்பெனி வண்டி வந்து மிஷினைத் திருச்சிக்கு ஏற்றிப்போனது. அங்கே கிடங்கில் வைத்துக்கொள்வதாகவும் யாருக்கும் விற்கப்போவதில்லை என்றும் மீரா உசேன் சொல்லிவிட்டுப் போனார். வண்டி மறையும்வரை தியாகராசன் சாலையிலேயே நின்றான். சுந்தரி மீன் சந்தைக்குப் போய்க் கண்ணாத்தாளின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு அழைத்துவந்தாள். சேற்று வாடை போயிற்று. தியாகராசன் நேரத்துக்குச் சாப்பிட்டான், கேட்டதற்குப் பதில் சொன்னான். அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். சாலையில் தந்திக் கம்பம் சாய்ந்து தெருவில் யார் வீட்டிலும் போன் வேலை செய்யவில்லை. சுந்தரி மாடிப்படி ஏறி வரும்போது தியாகராசனின் குரல் கேட்டது. தணிந்த குரல். சிரிப்பு கலந்த குரல். அவளிடம் ஒருநாளும் அவன் அப்படிப் பேசியதில்லை.

“ம்… நீ சாப்பிட்டியா?… இல்லம்மா, அவ கீழ இருக்கா.”

அவள் காலடி கேட்டதும் ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தான். முகம் புதுமாப்பிள்ளையுடையதுபோல் மலர்ந்திருந்தது.

“யாருங்க?”

“கம்பெனியிலேருந்து” என்று சொல்லிவிட்டு அவளைப் பாராமலே இறங்கிப் போனான்.

மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. சுந்தரி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். அது கதகதவென்றிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் போகும் சலசலப்பு. அதற்கு அப்பால் ஒரு பெருமூச்சு.

“நீயா?” என்றது ஒரு பெண் குரல், சலிப்போடு. “அவருகிட்ட குடு.”