கடைசிப் பக்கத்தில் ஒரு வார்த்தை

ஆவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, குவார்ட்டர்ஸ் கேட்டைத் தாண்டும்போது எஸ்தர் டீச்சருக்குப் பெரிய கவலை ஒன்றுமில்லை. ஒண்ணாம் வகுப்பு வடிவு நான்கு நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும், ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினாள். எண்பத்தெட்டாம் வருஷம், ஆடி மாத மத்தியானம். ஆண்கள் எல்லோரும் ஃபாக்டரியில் இருந்தார்கள். ஒரே அச்சில் வரிசையாக நின்ற பழைய வீடுகளுக்கு நடுவே காற்று மட்டும் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

வடிவின் அம்மா புஷ்பா சித்திரையில் மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்தாள். ஆறு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அம்மா ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லிவைத்தார்கள். ஊருக்குப் போனவள் திரும்பி வர வேண்டுமே! வடிவு தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தாள். சோறு தண்ணி இறங்கவில்லை. பெரியவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். மாட்டிக்கொண்டு முழிப்பது பிள்ளைகள்தான்.

எஸ்தருக்குப் பொறுக்கவில்லை. ஞாயிறு பள்ளியில் படம் காட்டிக் கதை சொல்லிப் பழகியவள் அவள். டிராயிங் நோட்டைக் கிழித்து, எட்டுப் பக்கம் கிரேயானில் வரைந்து, நூல் கோத்துத் தைத்து ஒரு படப் புத்தகமே செய்துவிட்டாள். உதிர்ந்த இலை, செத்துக் கிடக்கும் சிட்டுக்குருவி, கட்டிலில் அம்மா, அழுகிற அப்பா. கடைசிப் பக்கத்தில் பச்சைப் புடவை கட்டிய அம்மா வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தில் நடந்து போகிறாள். மடியில் உட்காரவைத்து வாசித்துக் காட்டியபோது குழந்தை முதல்தடவையாக வாய்விட்டு அழுதது. அழுது முடித்து இரண்டு இட்லி தின்றது. அப்பா கஜபதி கையெடுத்துக் கும்பிட்டான். எஸ்தருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"வடிவப் பாக்கவா டீச்சர்? புள்ளயப் பாத்துக்க வந்த அத்தைக்காரி போன வாரமே ஊருக்குக் கெளம்பிட்சி. நான் கூப்ட்டா வர மாட்டேங்குது. உள்ளயே யார்கூடவோ பேசிகினு கீது."

கதவு சாத்தியிருக்கவில்லை.

உள்ளே கால் வைத்ததும் ஒரு பச்சை வாடை மூக்கில் ஏறியது. அரைத்த கீழாநெல்லி. காமாலைக்கென்று புஷ்பாவுக்குத் தினமும் அரைத்துக் கொடுத்தார்களே, அதே கசப்பு வாடை.

வடிவு சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் மடித்துக் கட்டியிருந்தது.

"யாரு கண்ணு பின்னிவிட்டது?"

"அம்மா."

குழந்தை நிமிர்ந்து பார்த்தது. கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சளாக இருந்தது.

எஸ்தர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "செத்துப்போனவங்க திரும்பி வர மாட்டாங்கன்னு படிச்சோமேடா?"

"நீங்கதான வரும்னு எழுதிகீறீங்க," என்று வடிவு புத்தகத்தை நீட்டினாள்.

கடைசிப் பக்கம். படத்துக்குக் கீழே எஸ்தரின் குண்டு குண்டான கையெழுத்து. 'நான் போயிட்டு வரேன்' என்றாள் அம்மா.

நம்மில் யார்தான் வாசலில் நின்று 'போறேன்' என்கிறோம்? அபசகுனம் என்று சின்ன வயதிலேயே வாயில் போட்டுத் திருத்திவிடுவார்கள். 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். சாவு வீட்டில் மட்டும் அதைச் சொல்லக் கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தம். புஷ்பாவைத் தூக்கிய அன்று எஸ்தரும் பேசாமல்தான் எழுந்து போனாள். எழுதும்போது மட்டும் கை பழக்கதோஷத்தில் எழுதிவிட்டது.

அப்புறம்தான் படத்தைப் பார்த்தாள்.

புடவை அதே பச்சை. ஆனால் அம்மா திரும்பி நின்றாள். தூரத்தில் அல்ல, வாசற்படியில்.

அந்த முகத்தை எஸ்தர் வரையவே இல்லை.

அடுக்களையில் அம்மியின் மேல் குழவி உருளும் சத்தம் கேட்டது.

"உள்ள யாரு?" என்று கேட்டாள் எஸ்தர்.

"எனக்கு மருந்து அரைக்குது," என்று கிசுகிசுத்தாள் வடிவு.

எஸ்தர் பையைத் துழாவிச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். பழைய வார்த்தைகளைத் தாள் கிழியுமளவுக்கு அடித்துவிட்டு, 'நான் போறேன்' என்று எழுதினாள்.

"படி கண்ணு. சத்தமா படி. அம்மா காதுல விழணும்."

வடிவு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"நான் போறேன்."

அம்மிச் சத்தம் நின்றது.

அப்பாடா என்று மூச்சு விட்டாள் எஸ்தர். அந்த மூச்சு முடிவதற்குள் அவளுக்கு உறைத்தது, அந்த வார்த்தை யார் வாயிலிருந்து வந்தது என்று.

இரண்டு தப்பும் அவள் கையால் செய்ததுதான். புத்தகத்தைப் போட்டது போட்டபடி பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினாள். தெருக்கோடியில் டிஸ்பென்சரி. நூறு அடிகூட இருக்காது. கெங்கம்மாள் என்னவோ கேட்டது காதில் விழவில்லை. கர்த்தரே, இந்தக் குழந்தையை விட்டுவிடு என்று மட்டும் திரும்பத் திரும்ப வாய் முணுமுணுத்தது.

முதுகுப் பக்கம் குழந்தையின் கை அசைந்துகொண்டே இருந்தது.

"யாருக்குக் கண்ணு டாட்டா காட்டுற?"

"டாட்டா இல்ல டீச்சர். வா வான்னு கூப்பிடுறேன்."

எஸ்தர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தோளில் கிடந்த பிள்ளையின் பாரம், பின்னாலிருந்து யாரோ கை கொடுத்துத் தாங்குவதுபோல, அடிக்கு அடி குறைந்துகொண்டே வந்தது.