ஆணியில் தொங்கும் வில்லைகள்

பாதைக் காவலனுக்கு முழங்கால் இரண்டும் காலையிலிருந்தே வலித்தன. செங்குத்துப் பாறையில் பொருத்திய இரும்பு ஏணியில் இறங்க இறங்க, படிக்குப் படி உள்ளே ஏதோ நெறிபட்டது. நடக்கவும் கூடாரம் போடவும் வந்து குவிகிறவர்களுக்கு அந்தக் கடலோரப் பூங்கா சொர்க்கம். அவனுக்கு அது இருநூறு படி.

அன்று மாலை ஒரு சின்னச் சிக்கல். மணல்திட்டுக்கு இறங்குகிறவர்கள் மேலே பலகையிலிருந்து நம்பர் போட்ட தகர வில்லையை எடுத்துப் போவார்கள்; ஏறி வந்ததும் அதே ஆணியில் மாட்டுவார்கள். எல்லா ஆணியும் நிறைந்த பிறகே வாயில்காரன் சக்கரத்தைச் சுற்றி ஏணியின் அடிப்பாதியை மேலே இழுப்பான். கடல் ஏறினால் திட்டே முங்கிவிடும். இன்று எல்லா வில்லைகளும் வந்துவிட்டன. ஆனாலும் கீழே ஒரு கூடாரம் நிற்கிறதாம்.

"யாரோ விட்டுட்டுப் போயிருக்கான் மச்சான். சுருட்டிட்டு வா" என்றான் வாயில்காரன். காவலனின் தங்கை புருஷன். அவனுக்கு இந்த வேலையைக் கெஞ்சி வாங்கித் தந்ததே காவலன்தான். "நீ எடுத்த வில்லையைக் கொடு. தண்ணியில விழுந்துடப் போகுது."

கொடுத்தான். காலையில் முறைத்துக்கொண்டு போனவன் இப்போது சமாதானத்துக்கு வருகிறான் என்று மனசு இளகியது.

முறைப்புக்குக் காரணம் போன வருஷம். ஒரு கணவனும் மனைவியும் கீழே இருக்கும்போதே, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் வாயில்காரன் உபரி வில்லைகளை அவர்கள் ஆணியில் மாட்டி ஏணியைத் தூக்கிவிட்டான். உடல்கள் கிடைக்கவில்லை. விசாரணையில், இருவரும் ஏறி வந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று காவலன் சொன்னான். தங்கையின் முகத்துக்காக. நாளை மறுவிசாரணை. நடந்ததைச் சொல்லிவிடப்போவதாகக் காலையில்தான் மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தான்.

மணலில் கால் வைத்தபோது கடலிலிருந்து வந்த மூடுபனி பாறையையும் திட்டையும் ஒரே சாம்பலாக்கியிருந்தது. அழுகிய பாசியும் துருவும் கலந்த வாடை தொண்டையில் ஒட்டியது. அதற்குள் பச்சையாக நின்றது கூடாரம். சுற்றிலும் மணல் காய்ந்திருந்தது. துணியிலிருந்து மட்டும் நீர் சொட்டியது. காற்றே இல்லை. துணி உப்பி, அமுங்கி, மறுபடி உப்பியது.

வாசலில் கட்டியிருந்தன இரண்டு வில்லைகள். சிப்பி ஒட்டிய தகரம்.

பதினாலு. பதினைந்து.

போன வருஷம் கடலில் போன அந்த இருவருடையவை.

மேலே சக்கரம் கிறீச்சிட்டது.

ஓடினான். முழங்கால் மடங்கியது. ஏணியின் கடைசிப் படி அவன் விரலுக்கு மேலே போய்விட்டது.

"மாப்பிள்ளை!"

மேலே வாயில்காரன் ஆபீசுக்குப் போனில் பேசும் குரல் பனிக்குள் நிதானமாக இறங்கியது.

"எல்லா வில்லையும் மாட்டியாச்சு சார். மச்சான் அப்பவே கிளம்பிட்டாரு."

கணுக்காலில் தண்ணீர். சில்லென்று.

பின்னால் ஜிப் திறந்தது. உள்ளிருந்து. ஒவ்வொரு பல்லாக.

இரண்டு கைகள். ஊறி வெளுத்தவை. ஒன்றில் மோதிரம். வில்லைகளை அவிழ்த்து அவனிடம் நீட்டின. ஏறி வந்ததாகச் சொன்னாயே, ஆணியில் மாட்டு என்பதுபோல.

அந்த இருவருக்கும் அவன் தர வேண்டிய உண்மை இன்னும் பாக்கி இருந்தது.