ஒட்டி வைத்த கடைசி அத்தியாயம்

"கல்வராயன் மலையில எவனாவது தும்மினா, கள்ளக்குறிச்சியில உக்காந்துகினே அவன் இன்னா கொழம்பு தின்னான்னு சொல்லிடுவேன்" என்றார் ராஜாங்கம். "இந்தத் திருட்ட ஒரு கேள்விகூட கேக்காம கண்டுபுடிக்கிறேன், பாரு."

சின்னசேலத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓசிப் பயணி ஏறினால் அவருக்குப் பயந்து ரயிலே நின்றுவிடுமாம்.

"நடந்தா என் மீசைய எடுத்துடறேன்யா" என்று உறுமினார் கூட்டாளி சேவியர்ராஜ். அந்த மீசையில் இரண்டு காக்கை கூடு கட்டலாம்.

வழக்கைக் கொண்டுவந்தவர் ஆனந்தமேரி டீச்சர். வெளிநாடு போகும் நர்சுகளுக்கு, நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத் துப்பறியும் கதை ஒன்றை வைத்துக் கடினமான சொற்களைக் கற்பிக்கிறவர்.

"அகராதி அர்த்தம் மண்டையில ஏறாது சார். அதனால ஒவ்வொரு வார்த்தைக்கும் நானே ஒரு நம்மூரு உதாரணம் யோசிச்சி, புத்தகத்துல பென்சில்ல எழுதி வெப்பேன். நடத்தும்போதுதான் சொல்லுவேன். கடைசி அத்தியாயத்த மரவள்ளி மாவுப் பசையால ஒட்டிடுவேன். பரீட்சை அதுலருந்துதான். மொதல்ல வர்றவங்களுக்கு லண்டன் இன்டர்வியூ. புத்தகம் காணாம போயி, நேத்து சந்தியா பையில கெடைச்சிது. ஒட்டின பக்கத்த பிளேடால கீறியிருக்குது. அப்பவே பீரோவுல வெச்சிப் பூட்டிட்டேன்."

கூட்டாளிகள் இருவரும் டீச்சரோடு உள்ளே போனபோது, வகுப்பே சந்தியாவை முறைத்துக்கொண்டிருந்தது.

"நான் எடுக்கல டீச்சர்!"

"பையில தானா நடந்து வந்துச்சா?" என்றான் கூடப் படிக்கும் சிவசங்கர். "மொதல்ல இவள வெளிய அனுப்புங்க."

ராஜாங்கம் நாற்காலியில் சாய்ந்தார். "ஆளுக்கொருத்தரா திருடனத் திட்டுங்க. கத்துக்கின இங்கிலீஷ்ல, அர்த்தத்தோட."

கிளம்பிய வசவில் கூரை ஓடுகள் பறந்தன. மதில்மேல் இருந்த பூனை குடும்பத்தோடு திருக்கோவிலூருக்குக் குடிபெயர்ந்தது.

"ஸ்கவுண்ட்ரல்!" என்று அழுகையோடு கத்தினாள் சந்தியா. "ரேஷன் கடை வரிசையில குறுக்க பூர்றவன்!"

"ரெண்டாம் அத்தியாயம்" என்று தலையாட்டினார் டீச்சர்.

சிவசங்கர் அவள் முகத்துக்கு நேரே விரலை நீட்டினான். "பெர்ஃபிடியஸ்! பங்காளி வூட்டுக் கல்யாணத்துல, சிரிச்சிகினே சாம்பார்ல உப்பக் கொட்டற துரோகி!"

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"அத நான் இன்னும் நடத்தவே இல்லயே... அது ஒட்டி வெச்ச பக்கம்."

"போன்ல பாத்தேன்!"

"வார்த்தை போன்ல இருக்கும்" என்றார் ராஜாங்கம் நிதானமாக. "அர்த்தமும் இருக்கும். அந்தச் சாம்பாரு எந்தப் போன்லயும் இல்ல தம்பி. டீச்சரம்மா பென்சில்ல மட்டும்தான் இருக்குது. அத படிச்சவன்தான் பிளேடு போட்டவன். பரீட்சைக்கு நல்லாத்தான் மனப்பாடம் பண்ணியிருக்கிற. கோவம் வந்ததும் கொட்டிடுச்சி."

சிவசங்கரின் விரல் தானாக மடங்கியது. "எல்லாத்துலயும் இவளே மொதல்ல வர்றா... அதான் அவ பையில வெச்சேன்."

"நீ வெளிய போ" என்றார் டீச்சர். "சந்தியா, உக்காரும்மா. நாளைக்கு வேற கதையில பரீட்சை."

மறுநாள் டீக்கடையில் ராஜாங்கம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு கேள்விகூட கேக்காமலா? புளுகுய்யா!" என்றார் கடைக்காரர்.

மூலையில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தார் சேவியர்ராஜ். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். வேறு வழியில்லாமல் துண்டை இறக்கினார். மேலுதடு மொழுமொழுவென்று இருந்தது.

"நடந்துச்சுய்யா" என்றார். "நான் அங்கதான் இருந்தேன்."