அளவு நூல்

கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இருதயமேரி பூக்காரியிடம் ஒரு முழம் கனகாம்பரம் கேட்டாள். பிறகு, பத்து வயசுப் பிள்ளையின் சடை எவ்வளவு நீளம் இருக்கும் என்று யோசித்தாள். தெரியவில்லை. பெற்றவளுக்கே தெரியவில்லை. இன்னொரு முழம் சேர்த்து வாங்கிக்கொண்டாள்.

ஜூலை மழை வானத்தை மதியத்திலேயே இருட்டாக்கியிருந்தது. தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் தாராவிக்குள் நடந்தாள். தோல் ஊறும் நாற்றமும் சாக்கடையும் மண்ணெண்ணெய்ப் புகையும், ஐந்து வருஷத்துக்கு முன்னால் விட்டுப்போன அதே இடத்தில் அப்படியே நின்றன. அவள் மட்டும் ஏடனுக்கும் மொம்பாசாவுக்கும் நைரோபிக்கும் போய்த் திரும்பியிருந்தாள்.

புருஷன் மிக்கேல்ராஜ் செத்த வருஷம், ஒரு வெள்ளைக்கார டாக்டர் வீட்டுக்கு ஆயாவாகக் கப்பலேறியவள் அவள். துறைமுகத்தில் புருஷனின் அக்கா லூசியம்மாள், தூங்கிக்கொண்டிருந்த ஐந்து வயது சலேத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். எழுப்பினால் போக மனசு வராது என்று மேரி எழுப்பவில்லை. நாத்தனாரிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு முந்தி, இவ உள்ளங்காலுல இருந்து உச்சி வரைக்கும் ஒரு நூலால அளந்து அனுப்புங்க மயினி. நான் கவுன் தைச்சு அனுப்புதேன்."

ஐந்து நூல்கள் வந்தன. ஐந்தையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தாள். பகலெல்லாம் துரைசாணியின் மகளுக்குத் தலைவாரிவிட்டு, வேலை ஓய்ந்ததும் தன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்வாள். நூலின் ஒரு நுனியைக் கால் பெருவிரலால் மிதித்துக்கொண்டு மறு நுனியை மேலே தூக்குவாள். நுனி நிற்கிற உயரத்தில், காற்றைத் தடவிக் கொடுப்பாள்.

முதல் நூல் அவள் விலாவுக்கு வந்தது. ஐந்தாவது தோளைத் தொட்டது.

முதல் இரண்டு நூல்களோடு, மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை பிரம்மநாயகம் எழுதிக் கொடுத்த கடிதமும் இருந்தது. லூசியம்மாளுக்கு எழுதத் தெரியாது. மூன்றாவதிலிருந்து வெறும் நூல்தான். மூன்றாவது நூல் செக்கச்செவேலென்று இருந்தது. பிள்ளை கையில் மருதாணி வைத்திருக்கிறாள் என்று நினைத்து, மேரி அதை முத்தமிட்டாள். அடுத்த இரண்டு உறைகளின் மேல் கோணல்மாணலான எழுத்தில் முகவரி இருந்தது. மகள் எழுதப் பழகிவிட்டாள் என்று அந்த உறைகளையும் பத்திரப்படுத்தினாள்.

மார்பில் செருகிய பர்சில் மொம்பாசாவுக்கு இரண்டு டிக்கெட் இருந்தது. ஒரு முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட். பத்து நாளில் கப்பல்.

குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு பெண் அவளை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க லூசியக்கா வீட்டுப் புள்ளையோட அம்மாதான? அதே நெத்தி."

"ஆமா. நீ யாரு?"

"மெஹராஜ். பக்கத்து ரூமு. எட்டு மாசமாச்சு இங்க வந்து. உங்க புள்ளைக்கு என்ன, ஊமையா? எத்தனை தடவை பேச்சுக் கொடுத்தாலும் வாயத் தொறக்காது. வாசல்லயே நிக்கும். இப்பக்கூட நின்னுச்சு, நனைஞ்சுக்கிட்டு."

"அப்பன் மாதிரி, கூச்சம்" என்று சிரித்தாள் மேரி. கடைசிப் பத்தடியை ஓடித்தான் கடந்தாள்.

வாசலில் யாரும் இல்லை. படியில் மட்டும் ஈரமான இரண்டு சின்னக் காலடிகள், வெளியே பார்த்தபடி.

கதவைத் திறந்த லூசியம்மாள், அவளைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி மேரி… ஒரு காயிதம் போடாம வந்து நிக்கியே!"

"போட்டாத்தான் விடுவீகளோ? எங்க மயினி அவ? ஒளிஞ்சுக்கிட்டாளா?"

"பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கா."

"ஞாயித்துக்கெழமையா?"

மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. மேரி அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு தட்டு. ஒரு டம்ளர். ஒரு பாய். சின்னச் செருப்பு எங்கும் இல்லை. மாதா படத்துக்குக் கீழே, மூன்று விரல் அகலத்துக்குச் சிவப்பு ரிப்பன் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அந்த ரிப்பனை அவள்தான் ஏடனிலிருந்து அனுப்பியிருந்தாள்.

"மயினி," என்றாள் மேரி. "சொல்லுங்க."

"பதினோரு நாள் காய்ச்சல்ட்டி. அறுபத்திநாலு நவம்பர்ல. ஆஸ்பத்திரியில கையை விரிச்சுட்டாக."

இருதயமேரி அழவில்லை. கனகாம்பரப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அதன் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள்.

"என்னை ஏன் கூப்பிடல?"

"எங்கன்னு கூப்பிட? ஏடன்ல இருந்து மொம்பாசாவுக்குக் கப்பல்ல போய்க்கிட்டிருக்கேன்னு அப்பத்தான் எழுதியிருந்த. நடுக்கடல்ல கேட்டா குதிச்சிர மாட்டியா நீ?" லூசியம்மாளுக்கும் கோபம் வந்துவிட்டது. "நீ கப்பலேறிப் போனவ. அவ வாந்தியை அள்ளுனது நானு. கடைசியில அவ எதுக்கு அழுதா தெரியுமா? 'யத்தை, நான் இன்னும் வளரலியே, அளவு எடுக்கலியே, அம்மை கவுன் அனுப்ப மாட்டாளே'ன்னுதான் அழுதா."

"அளவு எடுத்தீகளே! நூல் வந்துச்சே!"

"எடுத்தேன்." லூசியம்மாள் தரையைப் பார்த்தாள். "பூதத்தான் ஆசாரி பெட்டி செய்ய அளந்தான். காவி தோய்ச்ச நூலு. அளந்து முடிச்சு அதைப் பெட்டிக்குள்ள போடப் போனான். கிடத்தி அளந்த நூல் கூடவே போயிரணும், வெளிய நின்னா அளவு முடியாதுன்னான். நான்தான் கையில இருந்து பிடுங்கிக்கிட்டேன். அது ஒண்ணு வந்தா நீ நிம்மதியா இருப்பேன்னு நெனச்சேன்ட்டி. பாவி நான்."

மருதாணி இல்லை.

மேரி தன் உதட்டைத் தடவிப் பார்த்தாள்.

"சரி. அப்பறம் ரெண்டு அனுப்புனீகளே, அது யாரை அளந்தது?"

லூசியம்மாள் நிமிர்ந்தாள். "எந்த ரெண்டு?"

மேரி டப்பாவைத் திறந்து நூல்களைப் பாயில் வரிசையாக நீட்டினாள். வெள்ளை இரண்டு. காவி மூன்று. ஒவ்வொன்றும் முந்தினதைவிட நாலு விரற்கடை கூடுதல்.

லூசியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

"நான் அனுப்பல மேரி. மாதா மேல ஆணை. அதுக்கப்பறம் தபாலாபீசுப் பக்கமே நான் போகல."

"நான் அனுப்புன கவுனெல்லாம்?"

"நீயே குத்துமதிப்பா தைச்சு அனுப்புதேன்னு நெனச்சேன். அவ போனப்பறம் வந்த மூணையும் டிரங்குப் பெட்டியில பூட்டி வச்சிருக்கேன். பார்க்க மனசு வராது. கடைசியா வந்ததைப் போட்டப்பறம் தொறந்ததே இல்ல."

சாவி துருப்பிடித்திருந்தது. பூட்டு நீண்ட முனகலோடு திறந்தது. உள்ளிருந்து ஈர மண் வாசனை வந்தது.

மூன்று கவுன்கள். அக்குளில் வியர்வைக் கறை. ஓரத்தில் காய்ந்த சேறு.

மேரி கடைசிக் கவுனைக் கையில் எடுத்தாள். வளர்கிற பிள்ளைக்குத் தைக்கும்போது இடுப்பில் ஒரு மடிப்பு வைத்துத் தைப்பது அவள் வழக்கம். பிள்ளை உயர்ந்ததும் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

மடிப்பு பிரிக்கப்பட்டிருந்தது.

யாரோ பல்லால் கடித்துப் பிரித்த மாதிரி, நூல் பிசிறுகள் ஈரமாக நின்றன.

"வளந்திருக்கா" என்றாள் மேரி. அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு லூசியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நாளைக்குக் காலையில கல்லறைக்குப் போறோம். ஆசாரி அளந்த நூலை அவகிட்ட சேத்துருவோம். பிள்ளை தூங்கட்டும்ட்டி. ரெண்டரை வருஷமா நின்னுக்கிட்டே இருக்கு."

மேரி தலையாட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் மழையிலேயே போனார்கள். ஓடைக்கரையை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தின் கடைசி வரிசையில், பெயர்கூட எழுதாத ஒரு மரச் சிலுவை. மேரி கையால் மண்ணைத் தோண்டினாள். காகிதத்தில் சுற்றி வைத்திருந்ததை உள்ளே வைத்து மூடினாள். லூசியம்மாள் கண்ணை மூடி ஜெபம் சொன்னாள்.

பொட்டலத்துக்குள் இருந்தது கனகாம்பரம் கட்டியிருந்த நூல்.

ஆசாரி அளந்த காவி நூல் மேரியின் இடுப்பில், சேலைக்குள் சுருண்டிருந்தது. அதைப் புதைத்துவிட்டால் சலேத்துக்கு என்றைக்கும் எட்டு வயசுதான். உயிரோடிருந்தபோது அவளை விட்டுப் போனாயிற்று. இப்போது இரண்டாம் தடவை விட்டுப் போக இருதயமேரியால் முடியவில்லை. எழுப்பாமல் போன பிள்ளை இது. இந்தத் தடவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவதென்று, மண்ணை மூடும்போதே தீர்மானித்துவிட்டாள். அது நல்லதா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் தெரியும்.

கப்பல் கிளம்பிய பிற்பகலில் மழை விட்டிருந்தது. ஏணியடியில் டிக்கெட் பார்த்தவன் இரண்டையும் புரட்டினான்.

"பச்சி கிதர் ஹை?" பிள்ளை எங்கே என்று இந்தியில் கேட்டான்.

"பின்னால வாரா" என்றாள் மேரி தமிழில். அவன் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தான். தலையை ஆட்டி, இரண்டு டிக்கெட்டையும் கிழித்துக் கொடுத்தான்.

பம்பாய் சின்னதாகிக்கொண்டே போயிற்று. தளத்தில் கயிறுகள் சுருட்டிவைத்த மூலையில், ஆள் பார்க்காத இடமாகப் போய் நின்றாள். இடுப்பிலிருந்து நூலை எடுத்தாள். நுனியைப் பெருவிரலால் மிதித்தாள். தூக்கினாள்.

ஆசாரி அளந்த நூல் அவள் மாருக்குத்தான் வரவேண்டும்.

மோவாய்க்கு வந்தது.

"எம் மவளே" என்று அந்த உயரத்தில் காற்றைத் தடவினாள். உள்ளங்கையில் ஈர முடி வழுக்கிக்கொண்டு போயிற்று. ஈர மண் வாசனை.

சட்டென்று கையிலிருந்து நூலை விட்டுவிட்டாள்.

நூல் விழவில்லை.

யாரோ மேல் நுனியைப் பிடித்திருப்பதுபோல விறைப்பாக நின்றது. பிறகு அவள் பெருவிரலுக்கு அடியில் மெல்ல, மிக மெல்ல இழுபட்டது. மூக்கு. நெற்றி. வகிடு.

"போதும்டா" என்றாள் மேரி மெதுவாக. "போதும் சலேத்து. அம்மை வந்துட்டேன்ல?"

நிற்கவில்லை.

மகளின் தலையைத் தொட, இப்போது அவள் எக்க வேண்டியிருந்தது.