வலது காதில் ஒரு மூச்சு

காது மூக்கு தொண்டைப் பிரிவு மருத்துவமனையின் பழைய கட்டடத்தில் இருந்தது. உயரமான கூரை, ஈரம் ஊறிய சுவர்கள், எத்தனை முறை துடைத்தாலும் பினாயில் வாடைக்கு அடியில் தேங்கி நிற்கும் ஒரு புழுங்கல் நாற்றம். அதன் தாழ்வாரத்தில் ஒரு மதியம் சிட்டு நடந்து வந்தபோது, அவளுடைய சொந்த அக்காவே அவளை முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

தலையை வலது தோள் பக்கம் சாய்த்திருந்தாள். குளித்துவிட்டு வந்தவர்கள் காதில் புகுந்த தண்ணீரை இறக்க நிற்பார்களே, அப்படி.

அக்காவுக்கு அந்தப் பிரிவில்தான் வேலை. காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்கிற வேலை. தங்கைக்குச் சிட்டு என்று பெயர் வைத்ததும் அவள்தான். சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்ததால். வளர்ந்த பிறகு பேசுவதே சிட்டுவுக்குப் பிழைப்பாகிவிட்டது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, பதறிப்போய்க் கூப்பிடுகிறவர்களிடம் பேசி வண்டி அனுப்புவாள்.

“என்னடி இது கோலம்? தூங்கினியா இல்லையா?”

“காதுல ஒரு சத்தம்க்கா. டெஸ்ட் பண்ணிப் பாரேன்.”

சோதனை அறை ஒரு பெரிய பெட்டி மாதிரி. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, கனத்த கதவு, ஒரு கண்ணாடி ஜன்னல். கதவைச் சாத்தினால் வெளி உலகம் அறுந்து விழுந்துவிடும். அக்கா சிட்டுவை உள்ளே உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, வெளியிலிருந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்பினாள். மிக மெல்லிய ஒலிக்கும் சிட்டு கை தூக்கினாள்.

“உன் காதுக்கு ஒரு குறையும் இல்லை. பச்சைக் குழந்தை காது மாதிரி இருக்கு.”

“கேக்குதுக்கா. நீ அனுப்புற சத்தமெல்லாம் கேக்குது. அவர் மூச்சு விடுற இடைவெளியில கேக்குது.”

“யார் மூச்சு?”

சிட்டு கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

போன மாதம் ஒரு பிற்பகலில் வந்த அழைப்பு அது. ஒரு ஆண் குரல். எங்கேயோ விழுந்து எதற்கோ அடியில் சிக்கியிருந்தான். எந்த இடம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இருட்டாக இருக்கிறது, கழுத்தின் மேல் ஏதோ கிடக்கிறது, அவ்வளவுதான் தெரிந்தது. ‘வைச்சிடாதம்மா, பேசிக்கிட்டே இரு’ என்று கெஞ்சினான். சிட்டு வைக்கவில்லை. வண்டி வந்துட்டிருக்கு, வந்துட்டிருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வண்டிகள் உண்மையிலேயே தெருத்தெருவாகத் தேடின. குரல் போய் மூச்சு மட்டும் மிஞ்சியது. பிறகு அதுவும் நின்றது. அந்த ஆளையும் கண்டுபிடிக்கவில்லை, உடலையும் கண்டுபிடிக்கவில்லை.

“சூப்பர்வைசர் வந்து என் தலையிலிருந்து ஹெட்ஃபோனைக் கழட்டினாருக்கா. ஆனா சத்தம் நிக்கல.”

அக்கா அவளைப் பெரிய டாக்டரிடம் அழைத்துப் போனாள். காது அறுவையில் பேர்போன பெண்மணி. எதற்கும் அசராதவர். மேசை மேலிருந்த பிளாஸ்டிக் காதைப் பாகம் பாகமாகக் கழற்றிக் காட்டினார்.

“இங்க பாரும்மா. இது செவிப்பறை. அதுக்குப் பின்னாடி அரிசி அளவுல மூணு எலும்பு. அதுக்கும் உள்ளே நத்தைக் கூடு மாதிரி சுருண்டு இருக்கே, அதுதான் உண்மையில கேக்குற இடம். இப்ப கழுத்தைப் பாரு. தலைக்கு ரத்தம் கொண்டு போற குழாயும், திருப்பிக் கொண்டு வர்ற குழாயும் காதை ஒட்டித்தான் போகுது. நடுவுல வெங்காயத் தோல் கனத்துல ஒரு எலும்பு. அது தேஞ்சா, நம்ம ரத்தம் ஓடுற சத்தம் நமக்கே கேக்கும். சில பேருக்கு அது மூச்சு விடுற மாதிரியே இருக்கும். பயப்பட ஒண்ணுமில்லை.”

சிட்டுவின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு கொஞ்சம் உயிர் வந்தது.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை அவள் வலது காதுக்குக் கீழே, தாடை முடிந்து கழுத்து தொடங்கும் குழியில் வைத்தார். கண்ணை மூடிக் கேட்டார்.

“கேக்குது. எனக்கே கேக்குது. இப்ப மூச்சைப் பிடிச்சுக்கோ.”

சிட்டு மூச்சைப் பிடித்தாள். மின்விசிறி சுழலும் சத்தம் மட்டும் இருந்தது.

டாக்டரின் புருவம் மெல்லச் சுருங்கியது.

“பிடிச்சிருக்கியா?”

சிட்டு தலையாட்டினாள். அவள் மார்பு அசையவில்லை. அக்கா கண்ணால் பார்த்தாள்.

“ரத்தக் குழாய்தான்,” என்று டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “கழுத்துல லேசா அழுத்தினா நின்னுடும்.” இரண்டு விரலால் கழுத்தின் பக்கவாட்டில் அழுத்தினார்.

மறுகணம் சுட்டுக்கொண்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். ஸ்டெதாஸ்கோப் தரையில் விழுந்தது.

“என்ன டாக்டர்?”

அவர் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

“மூச்சுத் திணறுச்சு,” என்றார் கடைசியில். “யார் கழுத்தையோ நெரிச்ச மாதிரி.”

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. எலும்பு முழுசாக இருந்தது, குழாய்கள் சுத்தமாக இருந்தன. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு,” என்றார், ஏதோ கெட்ட செய்தி சொல்வது போல.

அந்த வாரம் மூச்சு பேசத் தொடங்கியது.

சிட்டு அப்போது அக்கா வீட்டில்தான் இருந்தாள். சாப்பாட்டு மேசையில், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் திடீரென்று, “வந்துட்டிருக்கு,” என்றாள். துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, “இதோ, பக்கத்துல வந்தாச்சு.” குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, “ஐயா, பயப்படாதீங்க.”

“யார்கிட்டடி பேசுறே?”

“வண்டி கிளம்பிடுச்சான்னு கேக்குறாருக்கா. ஓயாம கேக்குறாரு. நான் பதில் சொல்லலைன்னா அவருக்கு மூச்சு முட்டுது. அதைக் கேக்க முடியலக்கா. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு யாராலயும் சும்மா இருக்க முடியாது.”

தூங்கினால் பதில் சொல்ல முடியாது. அதனால் அவள் தூங்கவில்லை. கண்களுக்குக் கீழே தோல் கறுத்துத் தொங்கியது. அக்கா மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் சிட்டு தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டு, முகம் நீலமாகி எழுந்து உட்கார்ந்தாள். கோயில், குளம், மனநல மருத்துவர், எதையும் அக்கா விட்டுவைக்கவில்லை. யார் என்ன சொன்னாலும் செய்தாள். யாராவது கூரையில் ஏறித் தலைகீழாக நில் என்று சொல்லியிருந்தால் அதையும் செய்திருப்பாள்.

ஒரு நாள் காலை, அக்கா அடுப்படியில் இருந்தபோது உள்ளறையில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. ஓடிப் போனாள்.

சிட்டு தரையில் கிடந்தாள். கையில் ஹேர்பின். வலது காதிலிருந்து வழிந்த ரத்தம் கழுத்து வழியாக இறங்கிச் சட்டைக் காலரை நனைத்துக்கொண்டிருந்தது.

“போகலக்கா,” என்றாள். “இன்னும் உள்ளே போயிட்டாரு.”

செவிப்பறை கிழிந்து, புண் சீழ் பிடித்து, உள்காது வரை பரவிவிட்டது. அந்தக் காது அதற்குள் பாதி செத்துப் போயிருந்தது. அதனால்தான் டாக்டர் சம்மதித்தார். காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பைக் குடைந்து, அந்த நத்தைக் கூட்டையே சுரண்டி எடுத்துவிட வேண்டும். பிறகு அந்தக் காதுக்கு இந்த ஜென்மத்தில் எதுவும் கேட்காது.

“எடுத்துடுங்க டாக்டர்,” என்று சிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “உங்க காலைக்கூடப் பிடிக்கிறேன்.”

அறுவை முடிந்தது. தலையில் பெரிய கட்டோடு சிட்டு கண் விழித்தாள். அக்கா மூச்சுவிடவும் பயந்து பக்கத்தில் நின்றாள்.

சிட்டு எதையோ எதிர்பார்த்துக் காத்திருந்தாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்தாள்.

“ஒண்ணுமே இல்லக்கா. காலியா இருக்கு.”

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அன்று சிட்டு தூங்கினாள். மறுநாளும் தூங்கினாள். நர்ஸ்கள் வந்து எழுப்பி எழுப்பிச் சாப்பிட வைத்தார்கள். நடந்தால் தலை சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆனாலும் சிரித்தாள். வார்டில் இருந்தவர்களிடமெல்லாம் பழைய மாதிரி வாயாடினாள்.

வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. அக்கா பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் சிட்டுவின் பேச்சு சட்டென்று நின்றுபோனது.

அக்கா திரும்பினாள்.

சிட்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலை மெல்லச் சாய்ந்தது.

இந்த முறை இடது தோள் பக்கம்.

“அக்கா,” என்றாள் மிக மெதுவாக. “ரொம்பக் கோவமா இருக்காரு.”

டாக்டரிடம் ஓடினாள் அக்கா. அவர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மிச்சமிருக்கிற ஒரே காது. அதை எடுக்க என்னால முடியாதும்மா. அந்தக் கழுத்துல நான் இனிமே கை வைக்கவும் மாட்டேன். என்னை மன்னிச்சுடு.”

மதிய உணவு இடைவேளையில் வெளிநோயாளிகள் கலைந்து போயிருந்தார்கள். அக்கா சிட்டுவைக் கைத்தாங்கலாகச் சோதனை அறைக்குள் கூட்டிப் போனாள். கனத்த கதவைச் சாத்தினாள். அவள் மனதில் திட்டம் என்று எதுவும் இல்லை. செய்வதற்கு வேறு எதுவும் பாக்கி இல்லை, அவ்வளவுதான்.

அந்த அறையின் நிசப்தத்தில் மனிதருக்குத் தன் எச்சில் இறங்குவதுகூடக் கேட்கும். சிட்டு விழுங்குவது கேட்டது. அவள் முணுமுணுப்பது கேட்டது. “வந்துட்டிருக்கு… வந்துட்டிருக்கு…”

அக்கா அவள் இடது பக்கம் மண்டியிட்டு, தன் வலது காதை அவள் இடது காதோடு வைத்து அழுத்தினாள்.

“ஐயா,” என்றாள். “நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. இவ என் தங்கச்சி. உங்களுக்காக இவளால முடிஞ்சதெல்லாம் செஞ்சுட்டா. இவளை விட்டுடுங்க. என்கிட்ட வாங்க. நீங்க எப்ப கூப்பிட்டாலும் நான் பதில் சொல்றேன். சத்தியமா சொல்றேன்.”

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு, அவள் காது மடல் குளிர்ந்தது.

ஈரமான, மண் வாடை வீசும் ஒரு மூச்சு, இரண்டு காதுகளும் ஒட்டியிருந்த இடத்தில், காற்றுகூடப் புகாத அந்த இடத்தில், நின்றது. தயங்கியது.

உள்ளே போனது.

அக்கா கத்தாமலிருக்கத் தன் கையைக் கடித்துக்கொண்டாள். அவள் தோளில் ஏதோ கனமாகச் சரிந்தது. பார்த்தால் சிட்டு. தூங்கிவிட்டிருந்தாள்.

அன்று முழுக்க அக்கா காத்திருந்தாள். முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக, வாயில் வார்த்தையை வைத்துக்கொண்டே காத்திருந்தாள். கேள்வி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. காதில் மூச்சும் இல்லை, முனகலும் இல்லை. வாரங்கள் ஓடின. சிட்டுவுக்கு உடம்பு தேறியது, கன்னம் உப்பியது. தொலைபேசியே இல்லாத ஒரு வேலையைத் தேடிக்கொண்டாள். போய்விட்டான் என்று இருவரும் நம்பினார்கள். அவன் ஆத்மா சாந்தியடையட்டும் என்று அக்கா வேண்டிக்கொண்டாள்.

அக்காவுக்கு மட்டும் அடிக்கடி தொண்டை கட்டிக்கொண்டது. கழுத்தைச் சுற்றி ஏதோ இறுக்குவது போலிருந்தது. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு காலை, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் சோதனைக்கு வந்தார். கலகலப்பான பெரியவர். “எஞ்சின் சத்தத்துலயே காது போயிடுச்சும்மா. பொண்டாட்டி திட்டுறது கேக்காத வரைக்கும் லாபம்னு இருந்தேன். இப்ப பேரப்பிள்ளைங்க பேசுறதும் கேக்கலை.”

அக்கா சிரித்தபடி அவரை உள்ளே உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கதவைச் சாத்தினாள். தன் இடத்துக்கு வந்து மைக் முன்னால் உட்கார்ந்தாள். அந்த அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

“நான் சொல்ற வார்த்தையைத் திருப்பிச் சொல்லுங்கய்யா. கதவு.”

“கதவு.”

“மேகம்.”

பெரியவர் பேசாமலிருந்தார்.

“மேகம்,” என்றாள் மறுபடியும், கொஞ்சம் உரக்க.

பெரியவர் கண்ணாடி வழியாகக் கை காட்டி நிறுத்தச் சொன்னார். “ஒருத்தர் ஒருத்தரா பேசுங்கம்மா. ரெண்டு பேரும் சேர்ந்து பேசினா நான் எதைத் திருப்பிச் சொல்றது?”

அக்காவின் கை மைக்கின் மேல் அப்படியே நின்றது.

“ரெண்டு பேரா?”

“உங்க வாய்க்கிட்டயே இருந்து பேசுறாரே, அவருதான். பாவம், குரலே எழும்ப மாட்டேங்குது. கழுத்தை யாரோ பிடிச்சிருக்கிற மாதிரி.”

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உற்றுக் கேட்டாள். தன் இரண்டு காதுகளாலும் கேட்டாள். ஒன்றுமே இல்லை.

“என்ன…” அவள் மைக்கை நெருங்கினாள். “என்ன சொல்றாரு?”

பெரியவர் ஹெட்ஃபோனை இரு கையாலும் அழுத்திப் பிடித்துக் கேட்டார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

“உங்களைத்தான்மா கூப்பிடுறாரு. ராத்திரி பகலா கூப்பிட்டுக்கிட்டே இருக்காராம்.”

அவர் கண்ணாடிக்கு அருகே குனிந்து, அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“ஏம்மா, உங்களுக்குக் காது கேக்காதா?”