மதெய்ராவுக்குப் பத்தாவது ஆள்

விசா ஒட்டிய பாஸ்போர்ட்டைக் காணவில்லை என்று தமிழரசி வந்து நின்றபோது, சமீனாவின் நகல் கடையில் கரண்ட் வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. ரங்கூனின் தாமுவே பகுதியில் கரண்ட் இருக்கிற நாலு மணி நேரம்தான் சமீனாவின் ஒரு நாள் பிழைப்பு. இருந்தும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

“நேத்துக் காலையிலதானேடி நகல் எடுத்துக் குடுத்தேன்?”

“ஆமாக்கா. வீட்டுக்குப் போய் மேசை டிராயர்ல வெச்சேன். சாயங்காலம் காணோம். சனிக்கிழமை ஃப்ளைட். புதுசு எடுக்க மாசக்கணக்காகும். எனக்கு இந்தப் பயணம் போச்சு.”

கடையின் மூலையில் உதயசூரியன் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். அலோன் துறைமுகக் கிடங்குகளில் கப்பல் சரக்கை எண்ணிக் குறிக்கும் குமாஸ்தாவாக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தில் ஏதாவது காணாமல் போனால் இவரிடம்தான் வருவார்கள். எதைக் கேட்டாலும் முதலில் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தில் தேநீர் ஆறிவிடும் என்பது சமீனாவுக்குத் தெரியும்.

“முதல்லேர்ந்து சொல்லும்மா,” என்றார்.

கண்டோஜி ஏரியைச் சுற்றி ஞாயிறுதோறும் நடக்கும் பத்துப் பேர். போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதெய்ரா என்னும் தீவுக்குப் போக மூன்று வருடமாகத் திட்டம் போட்டவர்கள். அங்கே மலைச்சரிவில், நீர்க்கால்வாயை ஒட்டி, ஓராள் அகலத்துக்குப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இடையிடையே இருட்டுச் சுரங்கங்கள். கடைசி நாள் விடிவதற்குள் சிகரம். அதற்காகத் தமிழரசி தன் வீட்டு எட்டு மாடிப் படிகளை முதுகில் மூட்டையோடு தினமும் ஏறி இறங்கினாள்.

“கயிறு, தலைவிளக்கு, மருந்து எல்லாம் பொதுப் பையில. செவ்வாய்க்கிழமை எங்க வீட்டுலதான் கட்டினோம். எடை போட்டு, டேப் ஒட்டி, டேப் மேல பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டோம். நேத்துச் சாயங்காலம் வீட்டுல இருந்தது கூட வர்ற பிரேம்நாத்தும் சைதாவும் எங்க அக்காவும்தான்.”

“சைதாவா? அவளுக்கும் உனக்கும் அங்க தங்கற அறை விஷயத்துல சண்டைன்னு கேள்விப்பட்டேனே!” சமீனாவின் குரலில் உற்சாகம். “பிரேம்நாத்தும் தன் தம்பியைச் சேர்த்துக்கச் சொல்லிக் கேட்டவர்தானே? அண்ணே, ரெண்டு பேர்ல ஒருத்தர்!”

“பையில தேடினீங்களா?” உதயசூரியன் சமீனா பக்கம் திரும்பவே இல்லை.

“இன்னைக்குக் காலையில நானே டேப்பை அறுத்துப் பார்த்தேன். அதுவரைக்கும் கையெழுத்து எதுவும் கலையலை. பாஸ்போர்ட் இல்ல. அடியில, கயித்துக்கும் கீழ, துணியில சுத்தி ஒரு கல். சைதா சொன்னா, ‘நாமதான் ஒன்பது பேர் ஆயிட்டோமே, யாரோ நல்ல மனசோட வெச்சிருக்காங்க’ன்னு.”

சமீனா தலையாட்டினாள். ரங்கூனில் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. ஒன்பது பேராக மலைக்கோ காட்டுக்கோ போனால் விபரீதம். அதனால் ஒரு கல்லைப் பத்தாவது ஆளாக எடுத்துப் போவார்கள்.

தேநீர் முழுக்க ஆறியது. “சாயங்காலம் மூணு பேரையும் உன் வீட்டுல இருக்கச் சொல்லு,” என்றார் உதயசூரியன்.

எட்டாவது மாடி ஏறி முடித்தபோது சமீனாவுக்கு மூச்சு வாங்கியது. கூடத்தில் பையும் கல்லும் நடுவில் இருந்தன. பிரேம்நாத் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைதா முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். தமிழரசியின் அக்கா சாந்தகுமாரி எல்லாருக்கும் தேநீர் கொடுத்துவிட்டு வாசற்படி ஓரமாக நின்றாள்.

உதயசூரியன் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். “பொறுப்பா வெச்சிருக்காங்க. ஒரு நன்றி சொல்லணும். யாரு?”

பிரேம்நாத் உதட்டைப் பிதுக்கினார். சைதா, “நான் இல்ல,” என்றாள்.

“நான்தான்,” என்றாள் சாந்தகுமாரி, கொஞ்சம் வெட்கத்தோடு. “அத்தனை உயரத்துல நடக்கப் போற பிள்ளைங்க. ஒன்பது பேராப் போகக் கூடாதில்ல?”

“எப்பம்மா வெச்சீங்க?”

“நேத்து…” என்று ஆரம்பித்த சாந்தகுமாரி, பையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். சமீனாவுக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. அப்புறம் அறுபட்ட டேப்பில் பத்துக் கையெழுத்துகளும் கண்ணில் பட்டன.

“கிடங்குல எனக்கு ஒரே வேலைதான்,” என்றார் உதயசூரியன். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. “எது முன்னாடி ஏறிச்சு, எது பின்னாடி ஏறிச்சுன்னு எழுதணும். அடியில இருக்கறது முன்னாடி ஏறினது. பையைக் கட்டினது செவ்வாய்க்கிழமை. பாஸ்போர்ட் புதன்கிழமை காலையில சமீனா கையில இருந்திருக்கு. அப்போ செவ்வாய்க்கிழமை இவங்க பத்துப் பேர். பத்துப் பேருக்கு எதுக்குக் கல்? ஒன்பது பேர்தான் போவாங்கன்னு அன்னைக்கே முடிவு பண்ணின ஒருத்தர்தான் வெச்சிருக்க முடியும்.”

கீழே தெருவில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. சாந்தகுமாரி உள்ளே போய், அரிசி டின்னிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டி, மேசைமேல் வைத்தாள்.

“அக்கா! ஏன்க்கா?”

“நீ திரும்பி வரமாட்டே.”

“திரும்பி வர்ற டிக்கெட்டும் எடுத்திருக்கேனே!”

“சந்திரனும்தான் எடுத்திருந்தான். இந்தக் கட்டடத்துல டிக்கெட் எடுத்தவங்க எத்தனை பேரு திரும்பினாங்க? மாடிக்கு மாடி பூட்டு தொங்குது, நீ தினமும் அதைத் தாண்டித்தானே ஏறி இறங்கறே?”

சந்திரன் அவர்களுடைய தம்பி என்பது சமீனாவுக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு என்று போனவன், ஐந்து வருடமாகிறது.

சைதா மெதுவாகத் தமிழரசியின் தோளைத் தொட்டாள். பிரேம்நாத் கயிறுகளைப் பைக்குள் திருப்பி அடுக்க ஆரம்பித்தார். கல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிமிர்ந்து பார்த்தார்.

தமிழரசி அதை வாங்கிக்கொண்டு போய் அக்காவின் கையில் வைத்தாள். “நாங்க பத்துப் பேர். இது இங்கயே இருக்கட்டும், உனக்குத் துணையா.”

“இதுக்கு வாய் இல்லையேடி.”

“பன்னிரண்டு நாள்தானேக்கா. சண்டை போட நான் வந்துடறேன்.”

படியிறங்கும்போது சமீனாவால் பொறுக்க முடியவில்லை. “வந்துடுவாளா அண்ணே?”

ஏழாவது மாடிப் பூட்டு, ஆறாவது மாடிப் பூட்டு. உதயசூரியன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

“ஏறினதை மட்டும்தான் நான் எழுதுவேன், சமீனா,” என்றார் தெருவுக்கு வந்த பிறகு. “வந்து இறங்கறதை எழுதறது வேற ஆள்.”