பதினொன்றாம் லீவரின் வளையம்

அந்த மணி அடிக்கக் கூடாது. அதற்குக் கம்பியே கிடையாது. அடுத்த ஸ்டேஷனை மூடி, தண்டவாளத்தைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டு முப்பது வருஷமாகிவிட்டது. ஆனாலும் சிக்னல் கேபினில் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த வில்ஃப்ரட் ராக்கமின் காதில் அது தெளிவாக விழுந்தது. ஒரே ஒரு அடி. 'இருக்கியா?' என்று அடுத்த கேபின்காரன் கேட்கிற அடி.

எலியாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

குளிர்காலக் கணக்குக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிற அக்டோபர் கடைசி ஞாயிறு அது. லிங்கன்ஷயரில் அன்றைக்கு ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். தோர்ன்பெக் ஸ்டேஷனைக் காட்சிக்கு வைத்திருப்பவர்கள் அன்றோடு பூட்டினால் வசந்தத்தில்தான் திறப்பார்கள். வயல்களிலிருந்து பனிமூட்டம் ஈர மண் வாசனையோடு எழுந்து, பிளாட்பாரத்து விளக்குகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு கேபின் படிவரை வந்திருந்தது.

"வில்ஃப்! பூட்டிட்டு வாங்க ராசா!" கீழே டீக்கடை மேவிஸ் கத்தினாள். "பிளம் பிரெட் ஒரு துண்டு எடுத்து வெச்சிருக்கேன். இல்லேன்னா அந்த லீவரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு குளிர்காலம் பூரா தூங்குங்க!"

"வர்றேன் தாயே, அஞ்சு நிமிஷம்."

அவள் காலடி தேய்ந்து மறைந்தது. வில்ஃப்ரட் சுவரைப் பார்க்காமல் பெருக்கினார். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய செய்தித்தாள் துண்டு: 'அனுமதியின்றிப் பாதையில் இறங்கிய ஊழியர் பலி.' காலையில்கூட ஓர் ஆள் அதைப் படித்துவிட்டு, "அவசரக்குடுக்கை! கேட்டுட்டு இறங்கினா என்னவாம்?" என்று சொல்லிவிட்டுப் போனான். செத்தவன் கீத். கேங்மேன் வேலை, பத்தொன்பது வயது, வில்ஃப்ரட்டின் ஒரே பிள்ளை.

கீத் கேட்டான். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு இந்தக் கேபினில் சிக்னல்காரர் அவர்தான். இதே ஜன்னலுக்குக் கீழே நின்று, "அப்பா, லைன்ல இறங்கலாமா?" என்றான். "இறங்குடா," என்றார். சொன்ன கையோடு, வண்டிக்குச் சிக்னல் கொடுக்கிற பதினொன்றாம் லீவரில் இரும்பு வளையத்தை மாட்டியிருக்க வேண்டும். வளையம் கிடந்தால் லீவரை இழுக்க முடியாது. மறந்த கைக்கும் ஞாபகம் வரும். ஆனால் கெட்டில் கொதித்துவிட்டது. டீ போடப் போனார். மணி அடித்தது. வந்த எண்ணிக்கையைத் திருப்பி அடித்தால் 'வண்டியை அனுப்பு' என்று பொருள். இருபது வருஷப் பழக்கம், கை தானாகத் திருப்பி அடித்துவிட்டது.

"என்கிட்ட அவன் கேக்கவே இல்லை," என்று விசாரணையில் சொன்னார். பயம். வேறொன்றுமில்லை, வெறும் பயம். "ஏங்க, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா இந்தப் பய?" என்று அவர் மனைவி ஈனிட் சாகிறவரை அழுதாள். பெற்றவளிடம்கூட அவர் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி மணி. மூன்று அடி. கொஞ்சம் விட்டு ஒன்று.

பாசஞ்சர் வண்டி.

அவருடைய வலது கை எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். பதில் அடிக்கவில்லை. அடிக்கவே மாட்டார். காலையிலிருந்து மூட்டாத அடுப்பிலிருந்து நிலக்கரிப் புகை வாசனை வந்தது. எங்கோ தண்ணீர் கொதித்தது. கொக்கியிலிருந்து வளையத்தைப் பிடுங்கி லீவரில் மாட்டினார். மாட்டியாயிற்று. இந்த முறை மாட்டியாயிற்று.

"அப்பா, லைன்ல இறங்கலாமா?"

ஜன்னலுக்குக் கீழே.

"வேண்டாம்டா! கீத், வேண்டாம்! இறங்காதே!"

"சரிப்பா," என்றது குரல், இறங்க உத்தரவு கிடைத்த மாதிரி. ஜல்லியில் பூட்ஸ் நடக்கும் ஓசை. அங்கே ஜல்லியே கிடையாது, வெறும் புல்தான்.

முழங்கால் வலியை மறந்து படியிறங்கி ஓடினார். பனிமூட்டத்துக்குள் குனிந்த முதுகு ஒன்று. மண்வெட்டி. ஈனிட் பின்னிக்கொடுத்த பச்சை ஸ்வெட்டர்.

"நீ கேட்டேடா! என் கண்ணே, நீ கேட்டே! நான்தான் மறந்தேன். பாவி நான்தான் பொய் சொன்னேன். மேல வாடா!"

அவன் திரும்பவில்லை. பிடித்து இழுத்தார். கைக்குள் குளிர் மட்டும்.

காலடியில் இரும்பு அதிர ஆரம்பித்தது.

கேபினை நிமிர்ந்து பார்த்தார். விளக்கு எரிந்தது. ஜன்னலில் ஒருவன். நாற்பது வயது, மடித்துவிட்ட சட்டைக் கை, கையில் கெட்டில். அவன் பின்னால் கொக்கி. கொக்கியில் வளையம்.

"மாட்டு! வளையத்தை மாட்டுடா!"

அந்த முகம் அந்த வயதில் அவர் கண்ணாடியில் பார்த்த முகம். அது வெளியே பார்க்கவில்லை.

மூன்று அடி. ஒன்று.

கெட்டிலைக் கீழே வைக்காமலேயே இடது கையால் திருப்பி அடித்தான். மூன்று. ஒன்று. லீவரை இழுத்தான். டீயில் சர்க்கரை போட்டுக் கலக்கினான்.

கீத் நிமிர்ந்தான். சிரித்தபடி கையை ஆட்டினான். வில்ஃப்ரட்டைப் பார்த்து அல்ல, ஜன்னலைப் பார்த்து. பிறகு, அப்பா பார்த்துக்கொள்வார் என்ற தைரியத்தில், வண்டி வரும் பக்கம் முதுகைக் காட்டிக் குனிந்தான்.